வேனுக்குள் ஒரே ஒரு நோன்பாளி

சுற்றுலாக் கம்பனிகளில் வாகனங்களை அனுப்பும் கதிரையில் புதிதாக உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு சாரதியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். எந்தப் பாதையில் எந்த நேரம் நெரிசல், எந்த வாகனத்தை மலைக்கு அனுப்பக் கூடாது, எந்த ஹோட்டல்காரன் சாரதிக்குச் சோறு போடமாட்டான் என்பதையெல்லாம் உங்கள் கந்தோரிலேயே சொல்லித் தருவார்கள். தராவிட்டாலும் கொஞ்ச நாளில் பட்டுத் தெரிந்துகொள்வீர்கள். நான் சொல்லப்போவது அப்படிப்பட்டதல்ல. இதைச் சொன்னால் முதலாளிமாருக்குப் பிடிக்காது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன், இனி அவர்களுக்குப் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன.

கண்டியில் நான் இந்த வேலைக்கு வந்தபோது எனக்கு முன்னால் அந்தக் கதிரையில் ஒருவர் இருந்தார். பேசுவது குறைவு, ஏசுவது அதிகம். அவரிடமிருந்து நான் பெற்ற ஒரே உருப்படியான புத்தி, வாகனம் பாதையில் இருக்கும்போது ஏதோ சரியில்லை என்று மனதில் பட்டால் முதலில் சாவியை வாங்கு, காரணத்தைப் பிறகு கேள் என்பது. பல வருடம் அதை வைத்துப் பிழைத்தேன். சாவியை வாங்குவதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம்.

எங்கள் கம்பனி முஸ்லிம் பயணிகளுக்கென்றே நடந்தது. வளைகுடா, மலேசியா, மாலைதீவு, இந்தியா என்று பல பக்கமிருந்தும் குடும்பங்கள் வருவார்கள். ஒவ்வொரு வேனிலும் தொழுகை விரிப்பு இருக்கும், தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கும் கருவி இருக்கும். ஹலால் சாப்பாடு எங்கே கிடைக்கும், பெண்கள் தொழ இடமுள்ள பள்ளிவாசல் எது, சுத்தமான கழிப்பறை எங்கே என்பதெல்லாம் எங்கள் சாரதிமாருக்கு மனப்பாடம். முதலாளி ஹாஜியார் எந்தக் கூட்டத்தில் பேச எழுந்தாலும் இதைத்தான் பேசுவார். பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று மார்க்கம் சொல்கிறது, பயணிக்கு உதவுவது நன்மை, அந்த நன்மையோடு ஊருக்கும் பிழைப்பு வருகிறது என்பார். ஒரு குடும்பம் வந்து இறங்கினால் மடவளைச் சாரதிக்கும், குண்டசாலையில் அறை வாடகைக்கு விடுகிறவனுக்கும், பன்வில பக்கம் தேயிலை விற்கிறவனுக்கும் அடுப்பெரியும், அதுதான் பரக்கத், அல்லாஹ்வின் அருள் என்பார். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டினேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்தப் பரக்கத் வேனின் பின் ஆசனங்கள் வரை வந்தது, முன் ஆசனத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

முன் ஆசனத்தில் இருந்தவன் ஜௌபர். மடவளைக்காரன், நாற்பதைத் தாண்டியவன், மூன்று பிள்ளைகளின் தகப்பன். ஒரு காலத்தில் சொந்த வேன் வைத்திருந்தான். தேவாலயங்களில் குண்டு வெடித்த வருடம் பயணிகள் வருவது நின்றது. பிறகு கொரோனா வந்தது. பிறகு எண்ணெய்க்கு வரிசையில் கிடந்தோம். அந்தக் காலத்தில் கண்டியில் சுற்றுலாவை நம்பியிருந்தவன் எவனும் தப்பவில்லை. ஜௌபரின் வேன் கையைவிட்டுப் போனது, அவன் மரக்கறி லொறி ஓட்டினான். நிலைமை சற்றுத் தேறியதும் எங்களிடம் வந்தான். நாட்கூலி, வேன் ஓடினால்தான் கூலி.

எனக்கு அவனை நிறையப் பிடிக்கும். வாய் ஓயாதவன். மலைப் பாதையில் குரங்குகளைக் கண்டால் வேனை நிறுத்தி, “இவங்க எங்கட கம்பனி ஆக்கள்தான், சம்பளம் கேட்டு நிக்கிறாங்க” என்று பயணிகளின் பிள்ளைகளிடம் சொல்வான். என்னை நானா என்றுதான் கூப்பிடுவான், அண்ணன் என்று அர்த்தம். என் தொந்தியைப் பார்த்து, நானா உட்கார்ந்தால் கதிரை சாகப்போகிறவனைப்போலக் கலிமா சொல்லும் என்பான். அவன் வேனில் ஏறிய குடும்பம் மறுபடி வந்தால் அவனைத்தான் கேட்கும்.

எண்ணெய் வரிசை ஓய்ந்து வந்த ரமழான் அது. ரமழானில் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம் பயணம் வரமாட்டார்கள். வேன்கள் சும்மா நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஹாஜியார் அந்த மாதத்துக்கென்று சலுகை விலை அறிவித்தார். சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள். அவர்களுக்கு லீவு கிடைத்தது அப்போதுதானாம். ஜௌபரை அவர்களுக்குக் கொடுத்தேன்.

உங்களில் மற்ற மதத்தவர்களும் இருப்பீர்கள், அதனால் இதை விளங்கப்படுத்துகிறேன். பயணத்தில் இருப்பவனை முசாபிர் என்போம். முசாபிருக்கு நோன்பை விட அனுமதி உண்டு. ஊருக்குத் திரும்பிய பிறகு விட்ட நோன்பைப் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதைக் களாச் செய்வது என்போம். சென்னைக் குடும்பம் அந்த அனுமதியை எடுத்துக்கொண்டது. அதில் குறையொன்றும் இல்லை. முதல் நாள் காலையில் அந்தக் குடும்பத்து மனைவி, அந்தத் தங்கச்சி, கந்தோருக்குள் வந்து என்னிடம் மெல்லக் கேட்டாள்.

“டிரைவர் அண்ணன் நோன்பா சார்? நாங்க வண்டியிலயே சாப்பிட்டா அவருக்குச் சங்கடமா இருக்காதா?”

நான் வாய் திறக்குமுன் வாசலில் நின்ற ஜௌபர் பதில் சொன்னான். “நீங்க முசாபிர், தங்கச்சி. தாராளமாச் சாப்புடுங்க. வாசம் வந்தா நான் ஜன்னலைத் தொறந்துக்குவன்.”

எல்லோரும் சிரித்தோம். வேன் புறப்பட்டது. பயணிகள் பின்னால் சாப்பிட, அவர்களை ஏற்றிக்கொண்டு போகிறவன் பட்டினியோடு ஓட்ட, அந்த வேன் மலை மலையாகச் சுற்றியது. யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

சில நாள் கழித்து ஹுன்னஸ்கிரிய பக்கம் போனார்கள். அங்கிருந்து மகியங்கனைக்கு இறங்கும் பாதை பதினெட்டு வளைவுகளுக்குப் பேர்போனது. மேலே இருந்து பார்க்கவும், இறங்கி ஏறவும் பயணிகள் ஆசைப்படுவார்கள். பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு வந்து நான் கதிரையில் உட்காரும்போது தொலைபேசி அடித்தது. அந்தத் தங்கச்சி. குரலை அடக்கிப் பேசினாள்.

“சார், அவருக்குக் கேக்கக் கூடாது, அதான் மெதுவாப் பேசறேன். டிரைவர் அண்ணனுக்குக் கண்ணு சொருகுது. வண்டி ஓரத்துக்குப் போயிப் போயி வருது. எங்க வீட்டுக்காரர் பேச்சுக் குடுத்துக்கிட்டே வர்றார், டிரைவர் அண்ணன்கிட்டேருந்து பதிலே வரல. பயமா இருக்கு சார்.”

“வளைவு தொடங்கிவிட்டதா?”

“இன்னும் இல்ல. இறங்கப் போறோம்னு சொன்னாங்க.”

இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சாரதிக்கு அழைத்தால் ஓட்டிக்கொண்டே தொலைபேசியை எடுப்பான், அது இன்னும் ஆபத்து. வேனை நிறுத்து என்று கணவன் சொன்னால் ஏன் என்று கேட்பான், வாக்குவாதம் வரும், அதற்குள் வளைவு வந்துவிடும். பயந்த பயணிகள் இல்லாததையும் சொல்வார்கள், அதுவும் உண்மை. ஆனால் வாய் ஓயாத ஜௌபர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று அவள் சொன்னாள் பாருங்கள், அது எனக்குப் போதுமாக இருந்தது.

“சின்னவனுக்கு வாந்தி வருகிறது என்று சத்தமாகச் சொல்லுங்கள்” என்றேன். பிள்ளை வாந்தி எடுக்கப்போகிறது என்றால் எந்தச் சாரதியும் கேள்வி கேட்கமாட்டான். நிறுத்தினான். தொலைபேசியை அவனிடம் கொடுக்கச் சொன்னேன்.

“என்ன நானா?”

“சாவியைக் கழற்றி அந்தத் தங்கச்சி கையில குடு.”

“ஒண்ணுமில்ல நானா. கண் கொஞ்சம் அசந்திச்சி. இப்பச் சரி.”

“குடு ஜௌபர்.”

கொடுத்தான். பயணிகளின் கண் முன்னால் ஒரு சாரதியிடமிருந்து சாவியை வாங்குவது என்றால் என்ன என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். வேறு வழியில்லாமல் செய்தேன். இன்றைக்கும் அதற்காக வருந்தவில்லை.

பன்விலக்காரன் செல்வம் அன்று கந்தோரில் இருந்தான். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து எங்களிடம் வேலைக்கு வந்த நல்ல சாரதி. அவனைக் கூட்டிக்கொண்டு என் காரில் கிளம்பினேன். பல்லேகல, திகன, தெல்தெனிய என்று ஊர்களைக் கடந்தோம். ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் செல்வம் சொன்னான்.

“அவர ஏசிடாதீங்க சார். நாளைக்கி எனக்கும் இப்படித்தான் ஆகும்.”

வேன் பாதையோரம் நின்றது. சென்னைக் குடும்பம் பக்கத்துத் தேநீர்க்கடையில் உட்கார்ந்திருந்தது. ஜௌபர் மதகுச் சுவரில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தான். உதடு வெடித்திருந்தது. செல்வம் அந்தத் தங்கச்சியிடம் சாவியை வாங்கி, “வாங்க, மெதுவாப் போவோம், பயப்படாதீங்க” என்று அவர்களை ஏற்றிக்கொண்டு கண்டிக்குத் திரும்பினான். நான் ஜௌபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நோன்பு திறக்க இன்னும் நிறைய நேரம் இருந்தது. கடையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் வாங்கி அவன் பக்கத்தில் வைத்தேன். “முறிச்சிரு. பாதையில் இருக்கிற நீயும் முசாபிர்தான். உன் உயிர் மட்டுமில்லை, பின்னால் இருக்கிற பிள்ளைகளின் உயிரும் உன் கையில். இப்படி ஓட்டுவது நன்மையில்லை, பாவம்” என்றேன்.

அவன் போத்தலைத் தொடவில்லை.

“நான் முசாபிரா நானா? அவங்க ஒரு கிழமைக்கு முசாபிர். ஊருக்குப் போய் களாச் செய்வாங்க. நான் வருஷம் முழுக்கப் பாதையிலதான் ஈக்கிறன். அப்ப எனக்கு நோன்பே இல்லயா? சீசன் முடிஞ்சா மரக்கறி லொறி, அதுவும் பாதைதான். நான் எப்ப களாச் செய்ய?”

சொல்லட்டுமா, அவன் கேட்டது வெறும் வீம்புக் கேள்வியில்லை. எப்போதும் பயணத்திலேயே இருக்கிறவனுக்கு அந்தச் சலுகை உண்டா என்று உலமாக்களே பேசியிருக்கிறார்கள். நானும் விடவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் சலுகை இல்லை, கட்டாயம் என்றேன். நோன்பை விட்டால் பிள்ளைகள் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றான். அல்லாஹ் கஷ்டத்தை விரும்பவில்லை என்றேன். மலைப் பாதையோரத்தில் இரண்டு பேரும் மார்க்கம் பேசினோம். போகிற பஸ்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியில் அவன் நோன்பை முறிக்கவில்லை. காரில் ஏற்றினேன். கதவைச் சாத்தியதும் தூங்கிவிட்டான். தெல்தெனியவில் ஒருவன் குறுக்கே வந்து நான் சடுதியாகப் பிரேக் பிடித்தபோதும் அவன் விழிக்கவில்லை. பட்டினி மனிதனை இப்படிப் போட்டுவிடுகிறதே என்று எனக்கு இரக்கமாக இருந்தது. குண்டசாலையில் ஒரு பள்ளிவாசலில் நிறுத்தி அவனை உலுக்கி எழுப்பி, இருவரும் கஞ்சி குடித்து நோன்பு திறந்தோம். கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே மறுபடி கண்ணை மூடினான்.

மறுநாள் ஹாஜியாரிடம் போனேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்கள் கஷ்ட காலத்தில் கந்தோரை மூடாமல் வைத்திருந்தவர். அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான். பெருநாள் முடியும்வரை ஜௌபர் ஓட்ட வேண்டாம், கந்தோரில் இருந்து பயணிகளை வரவேற்கட்டும், அவனுடைய நாட்கூலி நிற்கக் கூடாது.

“வேன் ஓட்டாத டிரைவருக்கு என்ன கூலி?” என்றார். “அவருக்குக் குடுத்தா மத்தவங்களும் கேப்பாங்க. எல்லாரும் நோன்புதானே. பெருநாள் வரைக்கும் அவர் வீட்டுல நிக்கட்டும். நான் அவரைக் கைவிடல்ல. இந்த வருஷம் ஸகாத் கொஞ்சம் கூடுதலா ஒதுக்கியீக்கிறன். அவர் வீட்டுக்கும் ஒரு பங்கு போடுங்க.”

“கூலி வேற, ஏழைகளுக்குக் குடுக்கிற ஸகாத் வேற ஹாஜியார்.”

“ரெண்டும் அல்லாஹ்ட பேரால குடுக்கிறதுதான். போங்க, போய் வேலையப் பாருங்க.”

இதை நன்றாகக் கவனியுங்கள். மார்க்கம் பயணிக்குச் சலுகை தந்தது. அதைச் சாரதி எடுக்க வேண்டுமென்றால், எடுத்த நாளில் அவன் வீட்டு அடுப்பு எரிய வேண்டும். எரியவைப்பது முதலாளியின் கடமை. நாங்கள் அதைச் செய்யாமல், உழைக்கத் தயாராக இருந்த மனிதனை ஸகாத் வாங்குகிறவனாக மாற்றினோம். ஊர் வளர்கிறது என்று மேடையில் பேசினால் போதாது, யாருடைய முதுகில் வளர்கிறது என்றும் பார்க்க வேண்டும். இதைச் சொல்ல எனக்குக் கோபம் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரிசி, சீனி, பேரீச்சம்பழம் எல்லாம் கட்டிய பொதியை நானே மடவளைக்குக் கொண்டுபோனேன். வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. ஜௌபர் வாசலுக்கு வந்தான். பொதியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“நானா, நானும் ஸகாத் குடுத்த காலம் ஒண்டு ஈந்திச்சி. நான் கேட்டது வேல. இதப் பள்ளிவாசலுக்குக் குடுங்க, வாங்க ஹக் உள்ளவங்க ஈப்பாங்க.”

குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பொதியைத் தூக்கி அவனே என் காரில் வைத்தான். என் தொந்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கிழமை முடியுமுன்பே அவன் வேறொரு கம்பனியில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அது மேல்நாட்டுப் பயணிகளுக்கான கம்பனி, அவர்களுக்கு அப்போது நல்ல சீசன். அங்கே வாகனம் அனுப்புகிறவர் எனக்குத் தெரிந்தவர். அவருக்குச் சொல்வதா வேண்டாமா என்று நிறைய யோசித்தேன். ஒரு சாரதி ஸ்டியரிங்கில் தூங்குகிறான் என்று நம் தொழிலில் ஒரு வார்த்தை சொன்னால் அவன் பிழைப்பு முடிந்தது. சொல்லாவிட்டால் பின்னால் இருப்பவர்களின் உயிர். சொன்னேன். உங்களுக்கும் அப்படியொரு நாள் வந்தால் சொல்லிவிடுங்கள்.

அந்த மனிதர் சிரித்தார். “நீங்க விட்ட ஆள நாங்க எடுத்தா வயிறு எரியுதா? நான் அவர்கிட்டயே கேட்டுட்டேன். நோன்பு இல்ல, பயணத்துல விட்டுர்றேன்னு சொன்னாரு. பிறகென்ன?”

வேலைக்காகப் பொய் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தேன். என்னோடு மதகுச் சுவரில் இருந்து அவ்வளவு வாதாடினவன் நோன்பை விடுவானா? அவனைக் கவனித்துக்கொள்ளுங்கள், நோன்போடுதான் ஓட்டுவான் என்று திரும்பவும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன்.

பெருநாளுக்குச் சில நாள் முந்தி, பகல் நேரத்தில், நுவரெலியாப் பாதையில் அவன் ஓட்டிய வேன் ஓரமாக நின்றிருந்த லொறியின் பின்னால் மோதியது. பின்னால் இருந்த வெள்ளைக்காரத் தம்பதிக்குக் காயம், பிழைத்துக்கொண்டார்கள். ஜௌபர் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மவுத்தாகிவிட்டான். பிரேக் பிடித்த அடையாளமே பாதையில் இல்லையென்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஜனாஸாவுக்கு ஊரே திரண்டது. செல்வம் வந்து வெளியே மதில் ஓரமாக நின்று அழுதான். ஹாஜியாரும் அழுதார், அது நடிப்பில்லை. அடக்கம் செய்த மையவாடியில் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். ரமழானில், நோன்போடு, உழைக்கப்போன இடத்தில் மவுத்து, எவ்வளவு பாக்கியசாலி என்றார்கள். ஹாஜியார் என் தோளைப் பிடித்து அதையே சொன்னார். அதைச் சொல்லச் சொல்ல எல்லோர் முகமும் தெளிந்ததைப் பார்த்தேன். என் முகமும் தெளிந்திருக்கும். அந்தப் பெருநாளைக்கு ஜௌபரின் வீட்டுக்கு ஸகாத் போனது. இப்போது அந்த வீட்டுக்கு அதைப் பெறும் ஹக் இருந்தது, திருப்பித் தர ஆளில்லை.

பெருநாள் கழிந்து ஒரு நாள் அவன் மனைவி பஸீனா என்னை வரச்சொல்லி அனுப்பினாள். கணவன் இறந்தால் எங்கள் பெண்கள் இத்தா இருப்பார்கள், அந்நிய ஆண்களுக்கு முன்னால் வரமாட்டார்கள். எனக்குக் கூடத்தில் ஒரு கதிரை போட்டிருந்தார்கள். உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அவள் பேசினாள். முகம் தெரியவில்லை, குரல் மட்டும்தான்.

“நானா, எல்லாரும் நோன்போட போனார் எண்டு சொல்றாங்க. அண்டைக்கு அவர் நோன்பு புடிக்கல்ல.”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“நீங்க அண்டைக்குப் பாதையில வெச்சிச் சொன்னீங்களாமே, அத யோசிச்சிக்கிட்டே ஈந்தார். பொறகு, நானா சொன்னது சரிதான், பின்னால ஈக்கிற உசிருக்கும் நான்தான் பொறுப்பு எண்டார். புதுக் கம்பனியில ஓடின நாள் ஒண்டுலயும் நோன்பு புடிக்கல்ல. விடிய முந்தி சஹர் சாப்பாட்டுக்குப் புள்ளைகளோட குந்துவார், அதுகளுக்குத் தெரியாது. ஊருக்கும் தெரிய வாணாம். சொல்றவங்க சொல்லிக்கிட்டு ஈக்கட்டும். எனக்கு ஒண்டு மட்டும் தெரியணும். அவர் விட்ட நோன்பு அவர் கழுத்துல கடனா நிக்குமா? நான் அவருக்காகப் புடிக்கணுமா? மவ்லவிக்கிட்ட ஆர் எண்டு சொல்லாமக் கேட்டுச் சொல்லுங்க.”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பிறகு என்னால் அடக்க முடியவில்லை.

“நோன்பு இல்லையென்றால் எப்படித் தங்கச்சி? ஏன் அப்படி ஆனது?”

“நித்திர நானா. அவருக்கு நித்திரயே இல்ல. நோன்பு தொடங்கின நாள் தொட்டு ராவைக்கு இன்னொருத்தர்ட கார எடுத்துக்கிட்டு எயார்போர்ட் ஹயர் போனார். பெருநாளைக்குப் புள்ளைகளுக்கு உடுப்பு எடுக்க வேணாமா? விடியப் போக வந்து, சஹர் முடிச்சி, சுபஹ் தொழுதிட்டு ஒங்கட கந்தோருக்கு வருவார். நீங்க நிப்பாட்டின பொறகும் அப்படியே ராவும் பகலும் ஓடினார்.”

திரைக்குப் பின்னால் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“அண்டைக்கு ஹுன்னஸ்கிரியவால வந்து என்னோட சிரிச்சிக்கிட்டே சொன்னார். நானா எனக்கு மார்க்கம் படிச்சித் தந்தார், நித்திர கொண்டியாடா எண்டு ஒரு வார்த்த கேட்டீந்தா உள்ளதச் சொல்லியீப்பன் எண்டு.”

நான் எழுந்து வந்துவிட்டேன். விடைபெற்றேனா என்றுகூட நினைவில்லை.

மவ்லவியிடம் கேட்டேன். களாச் செய்ய வாய்ப்புக் கிடைக்குமுன்பே மவுத்தான பயணிக்கு அந்த நோன்புகள் கடனாகாது, அவருக்காக யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அல்லாஹ் அவரிடம் அதைக் கேட்கமாட்டான் என்றார். பஸீனாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அல்ஹம்துலில்லாஹ் என்று பதில் வந்தது. பிறகு ஹாஜியாரிடம் போய், நித்திரை இல்லாத சாரதிக்கு அன்றைய கூலியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும், எந்த மாதமானாலும் சரி, எந்த மதமானாலும் சரி என்று கேட்டேன். யோசிக்கலாம் என்றார். யோசித்துக்கொண்டே இருந்தார்.

பஸீனா சம்மதித்துத்தான் இதை எழுதுகிறேன், பெயர்களை மாற்றியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு விளங்கும் வயதாகிவிட்டது, தெரிந்தால் தெரியட்டும் என்கிறாள்.

சாரதியின் கையில் சாவியைக் கொடுக்குமுன் அவன் முகத்தைப் பார்த்து நேற்றிரவு தூங்கினாயா என்று கேளுங்கள். இல்லை என்று சொல்ல அவனால் முடிய வேண்டும். இல்லை என்று சொன்னவனுக்கு அன்றைய கூலி போக வேண்டும். உங்கள் முதலாளி அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அந்தக் கதிரையில் இருக்காதீர்கள். நான் ஓய்வு பெறும்வரை இருந்தேன்.